ஏற்காட்டு வீட்டுக்கு கேஸ் டிரையர் சரிப்படுமா? நாங்கள் போட்ட கணக்கு

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்குச் சமையலைவிடப் பெரிய வேலை துணி காயவைப்பது. எங்களுடையது நாலே அறை. ஓர் அறைக்கு மெத்தை விரிப்பு, மேல் விரிப்பு, தலையணை உறைகள், குளியல் துண்டுகள் என்று கூட்டினால் காய்ந்த எடையே 3 கிலோ பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு அறையும் காலியானால் 12 கிலோ துணி ஒன்றாகத் துவைக்க விழும். சாதாரண வாஷிங் மெஷின் பிழிந்து கொடுத்த பிறகும், காய்ந்த எடையில் சுமார் 60 சதவீத அளவுக்குத் தண்ணீர் துணிக்குள்ளேயே இருக்கும். 12 கிலோ துணியில் அது 7 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய அரைக் குடம். அந்த அரைக் குடம் தண்ணீர் காற்றில் ஏறி வீட்டை விட்டு வெளியே போனால்தான் அடுத்த விருந்தினருக்குப் படுக்கை விரிக்க முடியும்.

கீழே சேலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அஸ்தம்பட்டியில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் விரிப்பைப் போட்டால், அடுத்த வாளித் துணியைத் தூக்கிக்கொண்டு படியேறுவதற்குள் முதலில் போட்டது மொறுமொறுப்பாகிவிடும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் எல்லாமே வேறு. மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்து கிடக்கும்போது துணியிலிருந்து இன்னும் வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. கொடியில் போட்டது மறுநாளும் சில்லென்று இருக்கும், அதற்கடுத்த நாள் முடை வாடை வந்துவிடும். காசு கொடுத்துத் தங்க வருகிறவர்களிடம் அந்த வாடையோடு ஒரு துண்டை நீட்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. சேலத்து லாண்டரிக்கு அனுப்பலாம்தான். வேன் செலவு, திரும்பி வரும் நேரம், விரிப்புகள் மாறிப்போவது எல்லாம் சேர்ந்து நாலு அறைக்கு அது கட்டுப்படியாகவில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை குடும்பத்தோடு ஊர் திரும்ப முடிவெடுத்தபோது கேஸ் டிரையர், அதாவது கேஸை எரித்த சூட்டில் துணியைக் காயவைக்கும் மெஷின் பற்றிய பேச்சு வந்தது. "அக்கா, என்னோட கேஸ் டிரையரைக் கன்டெய்னர்ல ஏத்திடறேன். முக்கால் மணி நேரத்துல காஞ்சிடும், சூடா எடுத்து மடிச்சு வெச்சிடலாம். கரண்ட் டிரையரைவிடச் செலவும் கம்மி" என்றாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவள் இருக்கும் ஊருக்கு உண்மை. ஏற்காட்டுக்கும் உண்மையா என்று பார்க்க நானும் என் கணவரும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அவர் பொறியியல் படித்தவர், கணக்கில் எனக்குத் துணை அவர்தான்.

முதலில் அந்த மெஷினையே எடுத்துக்கொண்டோம். அங்கே வீட்டுக்குள் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. நமக்குச் சிலிண்டரில் வருவது எல்.பி.ஜி. ஒரே கொள்ளளவுக்கு எல்.பி.ஜி.யில் வெப்பம் சுமார் இரண்டரை மடங்கு. குழாய் வாயுவுக்கென்று துளையிட்ட ஜெட்டில் சிலிண்டர் வாயுவை விட்டால் தீ அளவுக்கு மீறி எரியும், சரியாகவும் எரியாது. எனவே ஜெட்டையும் வால்வின் அழுத்தத்தையும் மாற்றியாக வேண்டும். அதற்கான மாற்றுப் பாகங்கள் அமெரிக்காவில் கிடைக்கின்றன, அதனால் இது தீராத சிக்கல் இல்லை.

அடுத்தது கரண்ட். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் இறங்கிவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆனால் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிக்கும் ஹெர்ட்ஸை (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கை) டிரான்ஸ்ஃபார்மர் மாற்றாது. அந்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். டிரம்மைச் சுற்றுவதும் காற்றை இழுக்கும் விசிறியைச் சுற்றுவதும் பெரும்பாலும் அதே மோட்டார்தான். மிக்ஸி மெதுவாகச் சுற்றினால் சட்னி அரைபட நேரமாகும், அவ்வளவுதான். கேஸ் டிரையரில் காற்று குறைந்தால் தீயின் தன்மையே கெடும். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை இல்லை.

அதற்கு மேல் எங்கள் உயரம். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே ஜெட், அதே வாயு, ஆனால் எரிய வேண்டிய ஆக்சிஜன் குறைவு. நீலத் தீ மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அமெரிக்காவில் 2,000 அடிக்கு மேல் கேஸ் சாதனம் வைத்தால், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் 4 சதவீதம் வீதம் எரிதிறனைக் குறைப்பது வழக்கம். ஏற்காட்டுக்கு அது 20 சதவீதம் பக்கம் வரும். ஆக, 22,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று பட்டையில் எழுதிய மெஷின் இங்கே 17,600 அளவுக்குத்தான் எரிய வேண்டும். துணி காய அதற்கேற்ப நேரம் கூடும். மலையில் கேஸ் கீசர் வைத்திருக்கும் வீடுகளும் இந்த உயரக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. தீ மஞ்சளாக எரிந்தால் உடனே ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தங்கையின் மெஷின் வேண்டாம் என்பது இதற்குள்ளேயே தெளிவாகிவிட்டது. அவளிடம் சொன்னபோது, "சரிக்கா, அப்ப இங்கயே வித்துடறேன்" என்றாள். ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. இந்தியாவிலேயே 230 வோல்ட்டுக்கும் எல்.பி.ஜி.க்கும் செய்த கேஸ் டிரையர்கள் ஹோட்டல், ஆஸ்பத்திரி லாண்டரிகளுக்குக் கிடைக்கின்றன. அதில் சின்னதாக ஒன்று வாங்கினால் என்ன?

இங்கேதான் காசுக் கணக்கு. கேஸ் மலிவு என்ற நம்பிக்கை குழாய் எரிவாயு வரும் ஊர்களில் பிறந்தது. அமெரிக்காவில் பல இடங்களில் ஒரே அளவு வெப்பத்துக்குக் கரண்டுக்குக் கொடுக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ கொடுத்தால் போதும். எங்களுக்கு அந்தக் குழாய் இல்லை. வீட்டு அடுப்புக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதன் விலை மாதாமாதம் மாறும். கணக்குக்காக 1,900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 100 ரூபாய். ஒரு கிலோ எல்.பி.ஜி. தரும் வெப்பம் சுமார் 12.8 யூனிட் கரண்டுக்குச் சமம். அப்படியென்றால் ஒரு யூனிட் வெப்பம் கேஸில் ஏறக்குறைய 7 ரூபாய் 80 காசு. வணிக மின் இணைப்பில் யூனிட்டை 10 ரூபாய் என்று வைத்தோம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தங்கை ஊரில் இருப்பது போன்ற வித்தியாசம் இல்லை.

ஒரு நடைக்கு 8 கிலோ துணி போடுகிறோம் என்று வையுங்கள். காற்றை வெளியே தள்ளும் சாதாரண மின் டிரையருக்கு 5 யூனிட் பக்கம் ஆகும், 50 ரூபாய். கேஸ் டிரையருக்கு 400 கிராமுக்குச் சற்று மேல் வாயுவும் மோட்டாருக்குக் கொஞ்சம் கரண்டும் ஆகும், 45 ரூபாய். ஹீட் பம்ப் டிரையர் அதே துணியை 2 யூனிட் பக்கத்தில் காயவைக்கும், 20 ரூபாய். அது வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரசரை வைத்து, ஈரக் காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிரித்துவிட்டு, அந்தக் காற்றையே மறுபடி சூடாக்கித் துணிக்குள் அனுப்புகிறது. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். சாதாரண டிரையரில் ஒரு லிட்டர் தண்ணீரை விரட்ட ஒரு யூனிட், ஹீட் பம்பில் அரை யூனிட்டுக்கும் குறைவு. இந்த ஒரு விகிதம் கையில் இருந்தால் கடைக்காரர் சொல்வதை எடைபோட்டுவிடலாம்.

கேஸ் பக்கம் ஒரு பெரிய நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வீட்டு அளவு கேஸ் டிரையருக்கு மோட்டாரைச் சுற்ற 300 வாட் பக்கம் கரண்ட் இருந்தால் போதும், இன்வெர்ட்டரில் ஓடும். காற்றுக் காலத்தில் சில்வர் ஓக் மரம் கம்பிமேல் சாய்ந்து மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடக்கும் மலையில் இது லேசான விஷயம் இல்லை. 2,500 வாட் கேட்கும் மின் டிரையரை இன்வெர்ட்டரில் ஓட்டவே முடியாது. ஹீட் பம்ப் ஆயிரம் வாட்டுக்குள் அடங்கும், எங்கள் சின்ன ஜெனரேட்டரே தாங்குகிறது.

காசைவிட எங்களைத் தடுத்தது மெஷினை எங்கே வைப்பது என்பதுதான். இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்காட்டில் பாதி வீடுகள் எங்கள் வீட்டைப் போலத்தான். சரிவில் கட்டிய வீடு. ரோட்டு மட்டத்தில் வாசல், அதற்குக் கீழே பள்ளத்துப் பக்கமாக ஒரு தளம், அதில் சாமான் அறை. யாரும் தங்காத அறை, குழாயும் இருக்கிறது, மெஷின் வைக்க அதைவிட வசதியான இடம் இல்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மூன்று பக்கம் மண்ணுக்குள் இருக்கும் அறையில் அது வெளியேற வழியே இல்லை. சிலிண்டரை வெளியே வைத்துக் குழாய் இழுத்தாலும், மெஷினுக்குள் வால்வு கசிந்தால் அதே கதைதான். தரை மட்டத்திலேயே வெளிக்காற்றுக்குத் திறப்பு உள்ள, பள்ளமில்லாத அறை இருந்தால் மட்டும் கேஸ் மெஷினைப் பற்றிப் பேச்சை எடுங்கள்.

சிலிண்டரை வெளியே வைத்தாலும் ஒன்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாக வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். மார்கழி விடியலில் குளிரில் நிற்கும் சிலிண்டர் மெதுவாகத்தான் வாயு விடும், தொடர்ந்து இழுத்தால் வெளிப்பக்கம் பனி பூக்கும். சின்ன மெஷினை ஒரு சிலிண்டர் சமாளித்துவிடும். 15 கிலோ லாண்டரி மெஷின் என்றால் பல சிலிண்டர்களை ஒன்றாக இணைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

புகைக்குழாயும் அதே அளவு முக்கியம். கேஸ் டிரையர் ஈரக் காற்றோடு எரிந்த வாயுவையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளுகிறது. மூடிய அறைக்குள் விடவே கூடாது. குழாய் உலோகத்தில் இருக்க வேண்டும், முடிந்தவரை நீளம் குறைவாக, வளைவு குறைவாக. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். உள்ளே பஞ்சுத் தூசி படிந்துகொண்டே இருக்கும், அது தீப்பிடிக்கும் பொருள். அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வசதியாகப் பொருத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, டிரையர் அறைக் காற்றைப் பெருமளவில் இழுத்து வெளியே தள்ளுவதால் அந்த இடத்தில் காற்றழுத்தம் குறையும். பக்கத்திலேயே கேஸ் கீசர் இருந்தால் அதன் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கும் விருந்தினர்கள் இருக்கும் வீட்டில் இந்த இரண்டும் அருகருகே இருக்க நான் சம்மதிக்கவே மாட்டேன்.

கணக்கெல்லாம் போட்டு முடித்தபோது டிரையரைவிட முந்தைய வேலை எங்கள் கவனத்துக்கு வந்தது: பிழிவது. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். சாயத்திலிருந்து எடுத்த நூலை அவர்கள் அப்படியே காயப்போடுவதில்லை. 'ஹைட்ரோ' என்று ஒரு மெஷின், துளையிட்ட பெரிய கூடை, அதில் போட்டு வேகமாகச் சுற்றித் தண்ணீரை உதறிவிட்டுத்தான் கம்பில் தொங்கவிடுவார்கள். "சுத்தி எடுக்கறதுக்கு ஒண்ணும் செலவு இல்லீங்க, சூடு பண்ணி எடுக்கறதுக்குத்தான் காசு" என்று அங்கே வேலை பார்க்கும் பெரியவர் சொன்னார். அதுதான் சாரம். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் பிழியும் மெஷினிலிருந்து 1,400 சுற்றுக்கு மாறினால் துணியில் நிற்கும் தண்ணீர் 60 சதவீதத்திலிருந்து 50 பக்கம் இறங்கும். எங்கள் 12 கிலோவில் ஒரு லிட்டருக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. துண்டுகளைத் தனியாக, விரிப்புகளைத் தனியாகப் போட்டு, துண்டுகளுக்கு மட்டும் இரண்டாவது முறை பிழிகிறோம். பழைய மெஷினை மாற்ற வேண்டிய நேரமும் வந்திருந்ததால், முதல் செலவை அதிலேயே போட்டோம்.

இரண்டாவது, காபித் தோட்டங்களிலிருந்து எடுத்துக்கொண்டது. அறுவடைக் காலத்தில் பனி இறங்கும் களத்தில் கொட்டையைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் காயாது, ஊசிப்போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பரப்ப வேண்டும், கிளற வேண்டும், காற்றோட வேண்டும். அதற்காகச் சிலர் புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன் தாளில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். வீட்டின் பின்பக்கம் அப்படி ஒன்றைத் துணிக்காகப் போட்டோம். கீழே காற்று நுழைய இடைவெளி, உச்சியில் சூடான ஈரக் காற்று வெளியேற ஒரு எக்ஸாஸ்ட் விசிறி. 17 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றை 27 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 54 சதவீதத்துக்கு இறங்கிவிடும், தண்ணீரை மறுபடி வாங்கத் தயாராகிவிடும். மேகத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால்கூடக் கூடாரம் இந்தப் பாதித் தூரத்தையாவது கடந்துவிடுகிறது. வருடத்தில் பெரும்பகுதி எங்களுக்கு இதுவே போதும்.

அடை மழைக்கும் மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கும் மட்டும்தான் டிரையர். ஹீட் பம்ப் மெஷின் ஒன்றை வாங்கினோம். விலை சாதாரண டிரையரைவிடக் கூடுதல், நேரமும் அதிகம். நிறையத் துணி போட்டால் இரண்டரை மணி நேரம் ஓடும். அவசரக்காரர்களுக்குப் பொறுமை வேண்டும். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் தட்டியாக வேண்டும், விட்டால் நேரம் இன்னும் இழுக்கும். வெப்பம் மிதமாக இருப்பதால் பருத்தி விரிப்புகள் சீக்கிரம் இற்றுப்போவதில்லை. பெரிய விரிப்பு சுருண்டு உருண்டையாகி நடுவில் ஈரமாகவே நிற்பது எல்லா டிரையரிலும் உள்ள தொல்லை. பாதியில் நிறுத்தி உதறிப் போட்டால் சரியாகிவிடும். சர்வீஸ் ஆள் சேலத்திலிருந்து மலையேறி வருவாரா என்று வாங்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த டிரையராக இருந்தாலும் எண்ணெய்த் துண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். விருந்தினர் சிலர் சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். துவைத்த பிறகும் அந்தத் துண்டில் எண்ணெய் மிச்சம் இருக்கும். தாவர எண்ணெய் ஊறிய துணி டிரையரில் சூடாகி, அப்படியே குவியலாகக் கிடந்தால், உள்ளுக்குள் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். லாண்டரிகளில் இப்படித் தீ விபத்து நடப்பது உண்டு. கேஸ் டிரையரில் வெப்பம் அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எண்ணெய் வாடை வந்தால் அந்தத் துண்டைத் தனியாக வெந்நீரில் அலசிக் கூடாரத்திலேயே காயப்போடுவார். டிரையரில் கடைசிக் குளிர்ச் சுற்று முடியாமல் துணியை வெளியே எடுப்பதும் இல்லை, சூட்டோடு கூடையில் அமுக்கி வைப்பதும் இல்லை.

கேஸ் டிரையர் சரியாக அமைந்த இடமும் ஏற்காட்டில் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய ரிசார்ட். தினமும் நாள் முழுக்கத் துணி ஓடும். சமமான தரையில் தனிக் கட்டடம், வெளியே வலைக் கூண்டுக்குள் இணைத்த சிலிண்டர்கள், கூரைக்கு மேலே போகும் உலோகக் குழாய், மலை உயரத்துக்கு ஜெட் மாற்றிக் கொடுத்த நிறுவனம், பராமரிக்க ஓர் ஆள். அவ்வளவு துணியை ஹீட் பம்ப் வேகத்தில் காயவைத்தால் அவர்களுக்கு மெஷின் வரிசையே வேண்டியிருக்கும், கரண்ட் போனால் வேலையே நின்றுவிடும். அவர்களுக்கு நேரம்தான் காசு, அதனால் கேஸ் நியாயம். எங்களுடைய தடித்த பஞ்சு ரஜாய்களைச் சீசன் முடிந்ததும் அவர்களிடமே எடை போட்டுக் கொடுத்துக் காயவைத்து வாங்கிக்கொள்கிறோம். கம்பளிகளை மட்டும் எந்த டிரையருக்கும் கொடுப்பதில்லை, சுருங்கிவிடும். அவற்றை மாசியில் அம்மா வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விடுகிறோம்.